மீதி பின்னாடி வருது

லாயத் தெருக் குதிரையின் இடது பக்கம் காலை டீ நேரத்துக்கு மலைமேல் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. வலது பக்கம் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வந்தது. ஏற்றம் செங்குத்து, பாதையெல்லாம் சரளைக்கல், அதனால் இதைப் பெரிய தாமதம் என்று யாரும் சொல்லவில்லை. குதிரைமேல் உட்கார்ந்து வந்த பல் டாக்டரும் அதே கணக்கில்தான் வந்தார்: இடது கை, இடது கால், மூக்குக்கண்ணாடியின் இடது சில்லு முதலில், மற்றவை பிறகு. வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தவர்களில் வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் எழுந்து ஓடப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, “பதறாதீங்க, மீதி பின்னாடி வருது” என்றார்.

இது ஒரு கேள்வியால் வந்த வினை. அந்தக் கேள்விக்கு முன்னால் டாக்டர் தன் பற்களை இழக்கவேண்டியிருந்தது. அப்போது அவரிடம் வேறொரு குதிரை இருந்தது. காலையில் அவிழ்ப்பார், சேணம் போடுவார், ஏறுவார், அவ்வளவுதான். குளிரில் இரவெல்லாம் நின்று விறைத்துப்போன உடம்பு உடனே ஏற்றம் ஏறுமா என்று அவர் யோசித்ததில்லை. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், முதல் மூட்டைதான் முதுகைப் பிடிக்கும் என்று. ஒரு பனிக்காலையில் அந்தக் குதிரை முதல் வளைவிலேயே பின்னங்கால் இழுத்துக்கொண்டு சரிந்தது. டாக்டர் பள்ளத்தில் கிடந்தார், முன்பல் இரண்டும் பாதையில் கிடந்தன. பல் டாக்டருக்கே பல் போனால் எங்கே போவது? கண்ணாடியைப் பார்த்துத் தானே கட்டிக்கொண்டார், கொஞ்சம் கோணலாக. குதிரையை வைக்கோல் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கோணல் பல்லோடு லாயத் தெருவுக்கு வந்தார். இனிமேல் நன்றாக உடம்பு பிடித்துவிட்ட குதிரைமேல் மட்டும்தான் காலைப் போடுவேன் என்றார்.

லாயத் தெருவில் குதிரைக்கு உடம்பு பிடித்துவிடுகிறவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கட்டைவிரல் என்றால் அவன், முழங்கை என்றால் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர்களும் இருந்திருக்கும். வேலை வைத்த பெயர்கள்தான் நின்றன. அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரு தங்கை மட்டும், அந்தத் தங்கையும் மலைமேல் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். முழங்கை இந்தத் தெருவுக்கு வந்தபோது அப்பா வளர்த்த பழுப்புக் குதிரைமேல் உட்கார்ந்து வந்தாள். அண்ணன் இல்லாத குறைக்கு அதை ‘அண்ணே’ என்று கூப்பிட்டாள். மனைவிக்கு அண்ணன் என்றால் தனக்கு மச்சான்தானே என்று அவன் ‘மச்சான்’ என்று கூப்பிட்டான். தெருவுக்கு இந்த இரண்டாவது பெயர் வாய்க்கு வசதியாக இருந்தது. மச்சானுக்குப் புல் போட்டாச்சா, மச்சான் நேற்று வாளியை உதைத்துவிட்டானாமே என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். டாக்டர் வாடகைக்கு எடுத்தது இந்த மச்சானைத்தான்.

காலையில் அடுப்பில் வெந்நீர் வைத்து இருவரும் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். குதிரையின் உடம்பில் ஆறின கை பட்டால் தோல் சிலிர்த்து உள்ளே இருக்கிற சதை இன்னும் இறுகிவிடும். பிறகு கட்டைவிரல் காதுக்குப் பின்னாலிருந்து தொடங்குவான். பிடரி ஓரமாகவே இரண்டு பெருவிரலாலும் அழுத்தி அழுத்தி இறங்குவான், தோள்பட்டையில் கையைக் குழித்துப் படபடவென்று தட்டுவான். அவனுக்கு எல்லாம் சீக்கிரம் நடக்கவேண்டும். “ஓடப்போற குதிரையை உசுப்பணும், தாலாட்டக் கூடாது” என்பான். முழங்கை புட்டத்திலிருந்து தொடங்குவாள். ஒரு முக்காலிமேல் ஏறி, முழங்கையை அந்தப் பெரிய சதையில் ஊன்றி, உடம்பு கனம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து, அப்படியே நிற்பாள். “அது விடுற வரைக்கும் நாம விடக் கூடாது” என்பாள். சதை இளகும்போது மச்சானின் கீழுதடு தொங்கும், கண் பாதி மூடும், பிறகு தெருவே பார்க்கும்படி ஒரு கொட்டாவி வரும். அவன் கழுத்திலிருந்து பின்னே வர, அவள் புட்டத்திலிருந்து முன்னே வர, சேணம் உட்காருகிற இடத்தில் நான்கு கைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அங்கே கொஞ்ச நேரம் யார் எதைப் பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் டீ.

டாக்டர் ஒருநாள் மலையிலிருந்து திரும்பிவந்து, இறங்கி, கோணல் பல் முழுவதும் தெரியச் சிரித்து, “இன்னைக்கு மச்சான் பறந்துட்டான்ப்பா. யாரு கை?” என்று கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சும்மா கேட்டார்.

“என் கை” என்றான் கட்டைவிரல்.

“என் கை” என்றாள் முழங்கை, அதே மூச்சில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று டீ கொதித்துக் கொதித்து வற்றியது, யாரும் எடுத்துக் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் முழங்கை ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துவந்து, மச்சானின் இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து முதுகெலும்பு வழியாக வால்வரைக்கும் ஒரு கோடு போட்டாள். இடது அவனுக்கு, வலது அவளுக்கு. டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். மச்சான் உயரமான குதிரை, அவர்கள் இருவருமே குட்டை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கத்து ஆள் தெரியமாட்டார். அன்றிலிருந்து கைகள் முட்டிக்கொள்வது நின்றது, பேச்சும் நின்றது. சொல்லவேண்டியது எல்லாம் குதிரை வழியாகத்தான் போயிற்று.

“அண்ணே, உன் மச்சான்கிட்ட சொல்லு, வாளியில தண்ணி இல்ல.”

“மச்சான், உன் தங்கச்சிகிட்ட சொல்லு, வாளிக்குப் பக்கத்துலதான் குழாயும் இருக்கு.”

“அண்ணே, குழாய் இருக்கிறது தெரியும்னு சொல்லு. திறக்கிற ஆளுக்குக் கை இருக்கான்னு கேளு.”

மச்சான் நடுவில் நின்று காதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கும்.

இருவரும் போட்டிக்குப் பிடித்ததால் அந்தக் குதிரைக்குக் கிடைத்த உபசாரம் வேறு எந்தக் குதிரைக்கும் கிடைத்திருக்காது. ஆனால் இடது பக்கம் அவனுடைய அவசரத்தையும் வலது பக்கம் அவளுடைய நிதானத்தையும் பழகிக்கொண்டன. ஒரே தோளில் மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு இது புரியும்: சாயங்காலம் ஒரு தோள் வீட்டுக்கு வந்துவிடும், இன்னொன்று வழியிலேயே எங்காவது உட்கார்ந்திருக்கும். முதல் வருஷம் தெருமுனையை இடது காது முதலில் தாண்டியது, வலது காது பிறகு தாண்டியது. இரண்டாவது வருஷம் அந்த இடைவெளியில் ஒரு பீடி பிடித்து முடிக்கலாம் என்று ஆயிற்று. அதற்கப்புறம் யாரும் அளந்து பார்க்கவில்லை. இரத்தம், காயம், அப்படி ஒன்றும் கிடையாது. பாதையின் இடது ஓரம் நிற்கிறவர்களுக்கு முழுசாக ஒரு குதிரை போகிற மாதிரிதான் தெரியும். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, வைக்கோலும் பாதையும்தான். குளம்புச் சத்தம் மட்டும் பாதி கேட்கும், நொண்டுகிற கடிகாரம் மாதிரி.

டாக்டருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், “பல்லு பிடுங்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை” என்றார். வேலையையும் அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொண்டார். இடது கை காலையில் வந்து வாயைத் திறந்து தாடையைப் பிடித்துக்கொள்ளும். இடுக்கி வலது கையோடு மதியம் வரும். நடுவில் வாயைத் திறந்தபடி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பயத்திலேயே பாதிப் பேருக்கு வலி போய்விட்டது. எழுந்து வீட்டுக்குப் போனார்கள், நன்றியும் சொன்னார்கள். மலைமேல் குடியிருப்பில் இன்றைக்கும் வயதானவர்களின் வாயில் இருக்கவேண்டியதைவிட அதிகமாகப் பல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரே ஒரு தடவை டாக்டர், “ரெண்டு பேரும் முன்ன மாதிரி சேந்து பிடிச்சா என்ன?” என்று கேட்டுப் பார்த்தார். “மச்சான், முடியாதுன்னு சொல்லு.” “அண்ணே, முடியவே முடியாதுன்னு சொல்லு.” அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

சிரமப்பட்டது கேட்டுக்காரர்தான். ஊர் எல்லையில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், சாலைக்குக் குறுக்கே ஒரு நீளமான மரத்தடுப்பு. வண்டி வந்தால் தூக்கவேண்டும், போனால் இறக்கவேண்டும், அதுதான் அவர் உத்தியோகம். இடது பாதி போனதும் தடுப்பை இறக்கிவிட்டு உள்ளே போய் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் வலது பாதி வந்து தடுப்புக்கு முன்னால் நின்று மூச்சுவிடும். “சேந்து வந்தா என்னப்பா, ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை தூக்குறேன்” என்று அலுத்துக்கொண்டே எழுந்து வருவார். “நான் மட்டும் ஆசைப்பட்டா பின்னாடி வர்றேன்?” என்பார் டாக்டரின் வலது பாதி.

போய்த் திரும்புவதற்குள் இடைவெளி ஒரு பகல் அளவுக்கு வளர்ந்ததும்தான் லாயத்தில் வேறு சிக்கல் முளைத்தது. இடது பாதி திரும்பிவந்து, தூங்கி எழுந்து, அவனிடம் உடம்பு பிடித்துக்கொண்டு மறுபடியும் கிளம்பும்போது, வலது பாதி முதல்நாள் பயணத்தையே முடித்திருக்காது. அவன் பிடிக்கும்போது அவளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. அவள் பிடிக்கும்போது அவனுக்கு இல்லை. நடுவில் மச்சான் இருந்தால் அல்லவா மச்சானிடம் சொல்ல முடியும்? வாளி, குழாய், அடுப்பு, டீ, எதைப் பற்றியும் சண்டை போட ஆள் இல்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் இப்போதுதான் நின்றது. முழங்கைக்கு அது தாங்கவில்லை.

டாக்டருக்கு ஓய்வுநாள் வந்தால் மட்டும் மச்சானின் இரண்டு பாதியும் லாயத்தில் ஒன்றாகச் சேர்ந்து முழுக் குதிரையாக நிற்கும். அப்படி ஒரு நாள் காலையில் முழங்கை கையை வெந்நீரில் நனைத்துக்கொண்டு வந்து, “அண்ணே, தங்கச்சி வீட்டுக்குப் போவோம். நான் இனி இங்க வரமாட்டேன்னு உன் மச்சான்கிட்ட சொல்லிடு” என்றாள்.

கட்டைவிரல் வாசலில் உட்கார்ந்து கடிவாளத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், போறவங்கள யாரு பிடிச்சு வெச்சிருக்கான்னு கேளு” என்றான். சொன்ன பிறகு அவன் தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

அவள் புட்டத்தில் தொடங்கி, வலது பக்கம் முழுவதையும் அவசரமே இல்லாமல் பிடித்து முடித்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் தொடவில்லை, அது அவனுடைய பக்கம். சேணத்தை வலது வாரில் மட்டும் இறுக்கினாள். எல்லோரும் இடது பக்கமாகத்தான் குதிரை ஏறுவார்கள், அவள் வீம்புக்கு வலது பக்கமாக ஏறினாள். ஏறி, குதிகாலால் தட்டினாள். மச்சானின் வலது பாதி கிளம்பி, அவளுடைய வலது பாதியைத் தூக்கிக்கொண்டு, தெருமுனை தாண்டிப் போயிற்று. உடம்பு பிடிக்காத இடது பாதி, விறைத்தபடி, அவளுடைய இடது பாதியைச் சுமந்துகொண்டு முற்றத்திலேயே நின்றது.

கட்டைவிரல் எழுந்து வந்து பார்த்தான். சுற்றி வந்தும் பார்த்தான்; அந்தப் பக்கம் கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. இந்தப் பக்கம் வந்தால் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மனைவி குதிரைமேல் இருந்தாள். இடது கண் அவனைப் பார்த்தது. முதலில் அவனுக்குத் திகில். பிறகு, யோசித்துப் பார்த்தால், அப்படியொன்றும் நஷ்டமில்லை என்று தோன்றியது. பாதிப் பொண்டாட்டி இருக்கிறாள், பாதி மச்சான் இருக்கிறான், சண்டையும் பாதிதான் இருக்கும். உற்சாகமாக அடுப்பை மூட்டி டீ போட்டான். முக்காலியில் ஏறி அவளுடைய இடது கையில் டம்ளரைக் கொடுத்தான். வருஷக்கணக்கில் அவன் கையால் எதையும் வாங்காதவள், வாங்கிக் குடித்தாள். அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். “என்னப்பா, வீட்டுக்காரம்மா கிளம்பிட்டாங்களா இருக்காங்களா?” “கிளம்பிட்டா. இருக்கா” என்றான் அவன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அவளுடைய உதட்டின் இடது ஓரம் துடித்தது. பிறகு மேலே ஏறியது. கன்னம் குழிந்தது, தோள் குலுங்கியது, இடது கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, சிரிப்பு. இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கோ அந்தப் பக்கம் யாரோ எதையோ சொல்லி, அந்தச் சிரிப்பின் பாதி இங்கே வந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“என்ன? என்ன சொன்னாங்க?” என்றான் கட்டைவிரல். மச்சானிடம் கேட்கவில்லை, நேராக அவளிடமே கேட்டுவிட்டான். பதில் அந்தப் பாதியில் இல்லை. அவன் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தான். “சொல்லேன். என்ன அப்படி?” அவள் அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடியும் குலுங்கினாள். வாளிக்காக, குழாய்க்காக, யார் கை என்பதற்காகக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், மனைவி எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாததைத் தாங்கமாட்டாமல் வைக்கோல் போரில் தலையை முட்டிக்கொண்டான்.

மலைமேல் நடந்தது இவ்வளவுதான். முழங்கையின் வலது பாதி தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றது. தங்கை டாக்டரைப் பார்த்துப் பழகியவள், அதனால் பதறவில்லை.

“வாக்கா. மீதி எங்க?”

“பின்னாடி வருது. வந்தா வருது, வராட்டிப் போகுது. நான் இனிமே இங்கதான்.”

“தாராளமா இரு. பாதி ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும்? டீ போடட்டுமா?”

முழங்கை வாயைச் சப்புக்கொட்டினாள். இன்னொரு தடவை சப்புக்கொட்டினாள். “வேணாம்டி. குடிச்ச மாதிரி இருக்கு.” கொஞ்சம் யோசித்தாள். முகம் கோணியது. “சர்க்கரையே இல்ல. அடேய், இந்த மனுஷன் இன்னைக்கும் சர்க்கரை போட மறந்துட்டான்! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! அலமாரியில கண்ணு முன்னாடி இருக்கு டப்பா!”

தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். “நீ அவர விட்டுட்டு வந்து மலையேறி உக்காந்திருக்க, அவரு அங்கேருந்து சர்க்கரை இல்லாத டீ அனுப்புறாரு!” அந்தச் சிரிப்புதான் முழங்கையையும் தொற்றிக்கொண்டு, கீழே முற்றத்தில் கட்டைவிரலைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தது. சிரித்து முடித்ததும் முழங்கைக்குக் கோபம் வந்தது. அது புதுக்கோபம், சூடான கோபம், ஆறுவதற்குள் நேரில் போய்ச் சொல்லவேண்டிய கோபம். இறங்கி, வலது பாதிக் குதிரையின் பக்கத்தில் வந்தாள். வழக்கம்போலப் புட்டத்தில் தொடங்கி, சதை விடுகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் காதுக்குப் பின்னால் போனாள். பெருவிரலை ஊன்றி அழுத்தி இறங்கினாள், கையைக் குழித்துத் தோள்பட்டையில் படபடவென்று தட்டினாள். இத்தனை வருஷம் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த சத்தம்தான் அது. கை தானாகவே கற்றுக்கொண்டிருந்தது. முடித்ததும் மறுபடியும் ஏறி, ஊரைப் பார்த்து விரட்டினாள்.

கீழே கட்டைவிரல் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிரிப்பு முழுசாக இருக்கவேண்டும் என்றால் ஆள் முழுசாக இருக்கவேண்டும். ஆள் முழுசாக வேண்டும் என்றால் இந்தப் பாதியும் அங்கே போகவேண்டும். அனுப்ப மனமில்லை. ஆனாலும் வெந்நீர் வைத்தான். தன் வழியில் உசுப்பிவிட்டால் இடது பாதி பாய்ந்து போய் அவளைத் தாண்டி எங்கேயோ நிற்கும். வலது பாதியோடு சேரவேண்டுமென்றால் வலது பாதியின் நடைதான் வேண்டும். முக்காலியைப் புட்டத்துக்குப் பக்கத்தில் போட்டு ஏறினான். முழங்கையை ஊன்றினான். சாய்ந்தான். ஒன்றும் நடக்கவில்லை. கையை எடுக்கலாமா என்று தோன்றியபோதெல்லாம், அது விடுகிற வரைக்கும் நாம் விடக்கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கடைசியில் உள்ளே எங்கோ ஒரு முடிச்சு மெல்ல அவிழ்ந்து முழங்கைக்கு அடியில் தண்ணீர் மாதிரி ஓடியது. இடது பாதி மச்சான் கொட்டாவி விட்டது. அதன்மேல் இருந்த இடது பாதி முழங்கையும் கொட்டாவி விட்டாள். அவன் இறங்கிக் குதிரையின் புட்டத்தில் லேசாகத் தட்டி, “போ மச்சான். கொண்டுபோய் விட்டுடு” என்றான். அது நிதானமாக நடக்கத் தொடங்கியது. அவன் வாசலோடு நின்றுவிடத்தான் நினைத்தான். கால் கேட்கவில்லை. கூடவே நடந்தான்.

சேரவேண்டும் என்று அவன் மெதுவானான். திட்டவேண்டும் என்று அவள் வேகமானாள். ஊர்ப்பக்கமிருந்து இடது பாதி ஆடி அசைந்து வர, மலைப்பக்கமிருந்து வலது பாதி புழுதி கிளப்பிப் பறந்து வர, கேட்டுக்காரர் அந்த நேரத்தில் டாக்டருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வுநாள் என்பதால் டாக்டர் அன்று முழு ஆளாக இருந்தார். கேட்டுக்காரரின் கடைவாய்ப் பல்லை இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று தடுப்புக்குப் பக்கத்து அறைக்கே வந்திருந்தார். கேட்டுக்காரர் ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் பார்த்தார். டாக்டரின் விரலை வாயிலிருந்து உருவி எறிந்துவிட்டு ஓடினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மீதிக்காகத் தூக்கியே வைத்திருந்த தடுப்பை இறக்கினார்.

இரண்டு பாதியும் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வந்து நின்றன. இடது பாதி மலையைப் பார்த்து, வலது பாதி ஊரைப் பார்த்து. எதிரெதிராக நின்றால் எப்படி ஒட்டும்?

“யாராவது ஒருத்தர் திரும்புங்கப்பா!” என்று கத்தினார் கேட்டுக்காரர்.

இரண்டும் திரும்பின. இப்போது இடது பாதி ஊரைப் பார்த்து, வலது பாதி மலையைப் பார்த்து.

“ஒருத்தர்னு சொன்னேன்!”

மறுபடியும் இரண்டும் திரும்பின. குறுகலான வாசலில் நீ போ நான் போ என்று இரண்டு பேர் முட்டிக்கொள்வார்களே, அப்படி. பின்னால் வைக்கோல் வண்டி ஒன்று வந்து நின்றது, இன்னொன்று வந்தது. வண்டிக்காரர்கள் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நான்காவது தடவையும் இரண்டும் ஒன்றாகவே திரும்பி முடித்தபோது, இடது பாதி மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, வலது பாதி ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கட்டைவிரலுக்கு உறைத்தது: வலது பாதி வீட்டுக்கு வருகிறது.

அவன் தடுப்புக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனான். கோடு போட்ட நாளிலிருந்து மச்சானின் வலது பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை. கழுத்தில் கை வைத்தான். சூடாக இருந்தது, தோள்பட்டை உசுப்பிவிட்ட மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. “இது என் பிடி மாதிரி இருக்கே” என்றான்.

மேலேயிருந்து வலது கண் அவனைப் பார்த்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய இடது கை பின்னால் நீண்டு மச்சானின் இடது புட்டத்தைத் தடவிப் பார்த்தது. அது வெண்ணெய் மாதிரி இளகிக் கிடந்தது. “இது என் பிடி மாதிரி இருக்கே” என்றாள் அவள்.

டாக்டர் இடுக்கியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷம், கேட்டுவிட்டார். “இன்னைக்கு யாரு கை?”

கேட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவ கை” என்றான் கட்டைவிரல்.

“அவரு கை” என்றாள் முழங்கை, அதே மூச்சில். பிறகு, வந்த காரியம் ஞாபகம் வந்து, நேராக அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “டீயில சர்க்கரை போடவே இல்ல நீங்க.”

“அதுக்குத்தான் சிரிச்சியா?”

“அதுக்குத்தான்.”

அவன் தடுப்புக்கு அடியிலேயே ஓடிவந்து, இடது பாதியின் கடிவாளத்தைப் பிடித்து, ஊரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். கேட்டுக்காரர் தடுப்பைத் தூக்கினார். வலது பாதி எட்டு வைத்து வந்து பக்கத்தில் நின்றது. மேசை இழுப்பறையை மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். மச்சான் உடம்பை ஒருதடவை முழுசாக உதறிக்கொண்டது. முதுகிலிருந்த சுண்ணாம்பு வெள்ளைப் புகையாகக் கிளம்பி எல்லோர் மூக்கிலும் போயிற்று. வண்டிக்காரர்கள் தும்மினார்கள். கேட்டுக்காரர் தும்மிய தும்மலில் கடைவாய்ப் பல் தானாகவே வெளியே வந்து விழுந்தது. டாக்டர் அதை எடுத்துப் பார்த்து, நல்ல வேலை என்று ஒப்புக்கொண்டார்.

முழங்கை இறங்கி அவனோடு நடந்தே வீட்டுக்குப் போனாள். மச்சான் பின்னால் வந்தது. வழி முழுவதும் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். உன் கைதான், இல்லை உங்க கைதான் என்று. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. மறுநாளிலிருந்து அவன் கழுத்தில் தொடங்கினான், அவள் புட்டத்தில் தொடங்கினாள். சேணம் உட்காருகிற இடத்தில் நான்கு கைகளும் முட்டிக்கொண்டன, முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம். டீக்கு அவள் தன் கையாலேயே சர்க்கரை போட்டுக்கொண்டாள். மலைமேல் குடியிருப்பில் மட்டும் வருத்தம். டாக்டர் இரண்டு கையோடும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் யாருக்கும் வலி தானாகப் போக வழியில்லாமல் போயிற்று.

இருந்தாலும் அத்தனை வருஷம் பிரிந்து நடந்த உடம்பு முழுசாக மறக்கவில்லை. மச்சான் கொட்டாவி விட்டால் இடது பக்கம் முதலில் விடும், வலது பக்கம் பிறகு விடும். வளைவுகளிலும் ஏற்றங்களிலும் ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி விழும், பிறகு மூடிக்கொள்ளும். அதனால் கேட்டுக்காரர் தடுப்பை உடனே இறக்கமாட்டார், ஒரு மூச்சு பொறுத்துத்தான் இறக்குவார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது புதிதாக வந்தவரிடம் விளக்கு, சாவி, கயிறு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, வாசலைத் தாண்டிப் போனவர் திரும்பிவந்து சொன்னார்.

“காலையில பல் டாக்டர் குதிரை போகும். போச்சுன்னு உடனே இறக்கிடாதப்பா. மீதி பின்னாடி வருது.”

புதியவர் சரி என்று தலையாட்டினார். இங்கே டீ எங்கே நன்றாக இருக்கும் என்று மட்டும் கேட்டார்.